மருத்துவமனைப் படுக்கையில் அடங்கிய தும்மல், வீட்டு மெத்தையில் ஏன் திரும்புகிறது?

கேள்வியின் சுருக்கம்: ஒன்பது வயதுப் பையனுக்குத் தூசி உண்ணி ஒவ்வாமை இருப்பது தோல் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. காலையில் கண் விழித்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, சில இரவுகளில் வீசிங். வேறு காரணத்துக்காக ஐந்து நாள் மருத்துவமனையில் படுத்திருந்தபோது இவை எதுவும் இல்லை. வீடு திரும்பிய இரண்டாம் நாளே பழையபடி ஆகிவிட்டது. அந்தப் படுக்கையில் அப்படி என்ன இருக்கிறது, மெத்தைக்கு உறை வாங்கினால் போதுமா, துணிகளை எப்படித் துவைக்க வேண்டும்?

மருத்துவமனை மெத்தையைச் சுற்றி ரெக்ஸின் அல்லது பாலியூரித்தேன் பூசிய துணி முழுக்க மூடியிருக்கிறது. பையனின் தோல் செதிலும் வியர்வையும் உள்ளே இறங்க வழியில்லை. உள்ளே இருப்பது எதுவும் அவன் மூக்குக்கு ஏறவும் வழியில்லை. விரிப்பு அடிக்கடி மாறுகிறது, சூடான நீரில் வெளுக்கப்படுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் இவ்வளவுதான், இதை வீட்டிலும் செய்ய முடியும். ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அங்கே இருந்த நாட்களில் ஸ்டீராய்டோ அலர்ஜி மாத்திரையோ கொடுத்தார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். கொடுத்திருந்தால், தும்மல் அடங்கியதில் மருந்தின் பங்கு எவ்வளவு, படுக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஐந்து நாள் என்பதும் குறைவான காலம். 1982இல் லண்டனில் ஆஸ்துமா நோயாளிகள் ஒன்பது பேரை இரண்டு மாதங்களுக்கு மேல் மருத்துவமனை அறைகளில் தங்கவைத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூச்சுக்குழாயின் மிகையுணர்ச்சியே, அதாவது சின்னத் தூண்டலுக்கும் சுருங்கிக்கொள்ளும் தன்மையே, குறைந்தது. மூக்கு சில நாட்களில் அடங்கலாம். மூச்சுக்குழாய் தணிய மாதக்கணக்கில் ஆகும்.

இனி, படுக்கைக்குள் இருப்பது யார் என்று பார்ப்போம். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு மூலம் ஒரு உண்ணி என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் 1960களில் நிறுவினார்கள். நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. மூட்டைப்பூச்சியோடும் சொறிப் பூச்சியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உதிரும் தோல் செதில்தான் உணவு. நாமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தோலை உதிர்க்கிறோம். வாய்வழியே தண்ணீர் குடிக்கும் வழக்கம் இதற்குக் கிடையாது. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. ஒப்பு ஈரப்பதம் 70, 80 சதவீதமாகவும் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இருந்தால் செழிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் வற்றிச் சாகும். படுத்திருப்பவரின் வியர்வையும் உடற்சூடும் தினமும் எட்டு மணி நேரம் மெத்தைக்குள் இந்தச் சூழலை உண்டாக்கிக் கொடுக்கின்றன. நாளில் சில மணி நேரம் ஈரம் கிடைத்தாலே அது தாக்குப்பிடித்துவிடும். அதனால்தான் அறைக் காற்று ஓரளவு உலர்ந்திருந்தாலும் மெத்தைக்குள் உண்ணி குறைவதில்லை.

ஒவ்வாமையைத் தூண்டுவது முக்கியமாக உண்ணியின் கழிவு. ஒரு உண்ணி நாளொன்றுக்குச் சுமார் இருபது கழிவு உருண்டைகளை வெளியேற்றும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). டெர் பி 1 என்று பெயரிடப்பட்ட செரிமான நொதி இவற்றில் நிறைந்திருக்கிறது. புரதத்தை அறுக்கும் நொதி என்பதால் மூக்கு, மூச்சுக்குழாய்களின் மேல்தோல் செல்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளையே தளர்த்திவிட்டு உள்ளே புகுகிறது. உண்ணி செத்த பிறகும் இந்தப் புரதம் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். உண்ணியைக் கொல்வது ஒரு வேலை, அதன் கழிவை நீக்குவது இன்னொரு வேலை. வீடுகளில் எடுக்கும் முயற்சிகள் பலிக்காமல் போவதற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள்.

தூசியின் ஒரு கிராமில் டெர் பி 1 நொதி 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் புதிதாக ஒவ்வாமை உருவாகும் வாய்ப்பு கூடுகிறது என்றும், 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குத் தொந்தரவு கிளம்பலாம் என்றும் ஒரு பழைய வரம்பு உண்டு. இதைத் துல்லியமான எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயன்பாட்டில் உள்ள வீட்டு மெத்தைகள், குறிப்பாக ஈரமான வெப்பப் பகுதிகளில், இரண்டாவது எண்ணைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ரெக்ஸின் மூடிய மருத்துவமனை மெத்தையின் மேற்பரப்பில் அளந்தால் மிகக் குறைவாகவே கிடைக்கும். இரண்டாண்டு பழகிய தலையணையின் எடையில் பத்தில் ஒரு பங்கு உண்ணிகளே என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதற்கு அளந்து பார்த்த ஆதாரம் கிடையாது. அதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

கழிவு உருண்டை கனமானது. மெத்தையைத் தட்டினால், விரிப்பை உதறினால், குழந்தை புரண்டால் கிளம்பும். இருபது முப்பது நிமிடத்தில் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். ஆகவே காற்றைச் சுத்தப்படுத்தும் கருவிக்குத் தூசி உண்ணி விஷயத்தில் வேலை குறைவு. முகத்துக்கு அரை அடி தூரத்தில் இருக்கும் தலையணையிலிருந்து நேராக மூக்குக்குப் போகும் உருண்டையை, அறை மூலையில் ஓடும் கருவி பிடிக்க முடியாது. அந்தச் செலவை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறைக்கு வருவோம். மெத்தையின் ஆறு பக்கத்தையும் மூடி ஜிப் போடும் உறைதான் உறை. மூலைகளில் எலாஸ்டிக் வைத்து மேற்பக்கத்தை மட்டும் மூடுவது விரிப்புக்குச் சமம். பக்கவாட்டிலும் அடியிலும் கழிவு தாராளமாக வெளியே வரும். அடுத்துத் துணியின் துளை அளவு. தூசி உண்ணியின் கழிவை நிறுத்த 10 மைக்ரானுக்குக் குறைவான துளை போதும். பூனையின் ஒவ்வாமைப் புரதத்தையும் தடுக்க வேண்டுமென்றால் 6 மைக்ரானுக்குக் கீழே வேண்டும். இந்த எண் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை குறைவாகத் தருவது) என்ற சொல் மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

துணி வகை மூன்று. நெருக்கமாக நெய்த மெல்லிழைத் துணி காற்று விடும், வியர்க்காது, துவைத்தாலும் துளை பெரிதாகாது. குழந்தைக்கு என் பரிந்துரை இதுதான். நெய்யாமல் இழைகளை அழுத்தி ஒட்டிய துணி விலை மலிவு. ஆனால் அதன் இழைகளுக்கிடையே செதில் தங்கி, நாளடைவில் உறையின் மேலேயே உண்ணி குடியேறிவிடும். மூன்றாவது, பின்பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. தடுப்பதில் குறை சொல்ல முடியாது, கொஞ்சம் சூடாக இருக்கும். இதை இஸ்திரி போடக் கூடாது. பிளீச்சும் துணி மென்மையாக்கும் திரவமும் சேர்க்கக் கூடாது, படலம் உரிந்துவிடும். எந்த வகையானாலும் ஜிப்பின் பற்களுக்கு இடையில் கசிவு உண்டு. ஜிப்பை மூடும் துணி மடிப்பு இல்லாவிட்டால் ஜிப் நெடுகிலும் அகலமான ஒட்டுப் பட்டையை ஒட்டிவிடுங்கள்.

உறை போடும் முன் மெத்தை முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வாடை வெளியே வர நாளாகும். நல்ல வெயிலில் ஒரு பக்கம் சில மணி நேரம், மறுபக்கம் சில மணி நேரம் போட்டு எடுங்கள். கறுப்புப் புள்ளியோ மட்கிய வாடையோ இருந்தால் அந்த மெத்தைக்கு உறை வாங்காதீர்கள், மெத்தையை மாற்றுங்கள். உறை போட்ட பின் வாரம் ஒரு முறை ஈரத்துணியால் மேற்பரப்பைத் துடைத்து, காய்ந்ததும் வெள்ளை விரிப்பைப் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறையையே கழற்றி, அதில் தைத்திருக்கும் குறிப்பின்படி துவைத்தால் போதும்.

அதே அறையில் இன்னொரு படுக்கை இருந்தால் அதற்கும் உறை வேண்டும். பையன் பாதி இரவில் பெற்றோர் கட்டிலுக்கு வருவான் என்றால் அந்த மெத்தைக்கும் வேண்டும். கைக்குழந்தையின் படுக்கைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவது மட்டும் கூடவே கூடாது. விலகி முகத்தில் ஒட்டினால் மூச்சு முட்டிவிடும்.

தலையணை விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கை தலைகீழானது. இறகுத் தலையணை அலர்ஜி, செயற்கைப் பஞ்சு பாதுகாப்பு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அளந்தபோது செயற்கைப் பஞ்சுத் தலையணையில்தான் உண்ணிப் புரதம் அதிகம் கிடைத்தது. இறகு வெளியே வராமலிருக்க அதன் துணியை நெருக்கமாக நெய்கிறார்கள். அந்த நெசவே உண்ணிக்கும் தடையாகிவிடுகிறது. செயற்கைப் பஞ்சுத் தலையணைக்குத் தளர்வான துணி போதும் என்பதால் கதவு திறந்தே கிடக்கிறது. 2006இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் ஒன்றரை ஆண்டிலிருந்து இருபது ஆண்டு வரை பயன்படுத்திய தலையணைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் உட்பட பல பூஞ்சைகள் இருந்தன. பூஞ்சை வகைகள் செயற்கைப் பஞ்சில்தான் கூடுதல். இதைக் கேட்டு இறகுக்கு மாற வேண்டியதில்லை. முழுத் தலையணையையும் சூடான நீரில் துவைத்து உலர்த்த முடியுமா என்பதே கேள்வி. இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது, கட்டி தட்டிவிடும். அதற்கு உறை ஒன்றே வழி.

துவைப்பதில் வெப்பம்தான் உயிர்நாடி. 55 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் எல்லா உண்ணியும் சாகும். குறையின்றிச் செய்ய 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் துவைத்தால் புரதம் நீரில் கரைந்து பெரும்பகுதி போய்விடும், ஆனால் உண்ணிகள் நூலிழையைப் பற்றிக்கொண்டு உயிரோடு திரும்பி வந்து வேலையைத் தொடரும். விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒரு முறை 60 டிகிரியில் துவைத்து, கூடுதலாக ஒரு அலசல் வையுங்கள். வாஷிங் மெஷினில் 60 என்று திருப்பிவிட்டால் மட்டும் போதாது. சுருக்கச் சுழற்சியிலும் மின் சிக்கனச் சுழற்சியிலும் நீர் அந்த அளவுக்குச் சூடேறாமல் போவதுண்டு. நீளமான பருத்திச் சுழற்சியைத் தேர்ந்தெடுங்கள், டிரம்மை நெருக்கி அடைக்காதீர்கள்.

நீரைச் சூடாக்கும் மெஷின் இல்லாதவர்கள் வாளியில் செய்யலாம். கொதிக்கும் நீர் ஒரு பங்கு, 25 டிகிரி நீர் ஒரு பங்கு கலந்தால் கணக்கில் 62 வரும். ஆனால் வாளியும் துணியும் சூட்டை இழுத்துக்கொள்வதால் சில நிமிடங்களில் 55க்குக் கீழே இறங்கிவிடும். கொதிநீர் இரண்டு பங்கு, சாதாரண நீர் ஒரு பங்கு என்று தொடங்குங்கள், கணக்கில் 75. துணியை அமிழ்த்தி, மூடி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, எடுக்கும்போது சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 55க்கு மேல் இருந்தால் சரி. கோலால் கிளறுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ரத்தமோ வாந்தியோ பட்ட துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். நேரே சூட்டில் போட்டால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும்.

கம்பளி, பட்டு, துணிப் பொம்மை இவை 60 டிகிரி தாங்காது. பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, பிறகு சாதாரண நீரில் துவைத்து உலர்த்துங்கள். உறையவைத்தால் உண்ணி சாகும், துவைத்தால் கழிவு போகும். பலர் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே கட்டிலில் வைத்துவிடுகிறார்கள். செத்த உண்ணியும் கழிவும் பொம்மைக்குள்ளேயே இருக்கும். வெயிலில் போடுவதும் இதே வகைதான். சூடும் உலர்வும் சேர்ந்து கொல்லும், ஆனால் கழிவு அங்கேயே கிடக்கும். தடித்த மெத்தையின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு எட்டவும் எட்டாது.

வேக்குவம் கிளீனரை நம்பி மெத்தையை இழுப்பவர்கள் நிறைய. மேலோட்டமான தூசி போகும். உயிருள்ள உண்ணி ஒட்டிக்கொள்ளும் கால்களால் இழையைப் பிடித்துக்கொண்டு வராது. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லாத கருவியானால் நுண்தூசியைப் பின்பக்கம் ஊதி அறை முழுக்கப் பரப்பும். பென்சைல் பென்சோயேட் போன்ற உண்ணிக் கொல்லிகளும் மெத்தையின் ஆழத்துக்குப் போவதில்லை. உறை போட்ட மெத்தைக்கு இவை எதுவும் தேவையில்லை.

அறையின் ஈரத்தை அளக்க ஒரு சிறு ஈரப்பதமானி வாங்கிக் கட்டில் மட்டத்தில் வையுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே நிறுத்த முடிந்தால் நல்லது. கடலோரத்திலும் மழைக்காலத்திலும் ஏசியோ ஈரமுறிஞ்சியோ இல்லாமல் அது நடக்காது. முடியவில்லை என்றால் அதற்காக மனம் உடைய வேண்டாம், உறையும் சூடான நீரும் ஈரப்பதத்தை நம்பி இல்லை. எழுந்தவுடன் விரிப்பை இறுக்கிப் போர்த்தி மூடாமல் ஓரிரு மணி நேரம் படுக்கையைத் திறந்து விடுங்கள். விரிப்பு மாற்றும்போது பையனை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி கழித்து உள்ளே விடுங்கள். செலவே இல்லாத இந்த இரண்டும் பலன் தருபவை.

பூனையின் கணக்கு முற்றிலும் வேறு. ஃபெல் டி 1 என்ற அதன் புரதம் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருந்து வருகிறது. 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் ஏறி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேரும். பூனையை வேறிடத்துக்கு அனுப்பினாலும் வீட்டில் அதன் அளவு தணியப் பல மாதங்கள் ஆகும். மெத்தைதான் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும். காற்றுச் சுத்திகரிப்புக் கருவி கொஞ்சமாவது உதவும் என்றால் அது இங்கேதான்.

மருத்துவமனைப் படுக்கை எப்போதும் குற்றமற்றது என்றும் நினைக்க வேண்டாம். வார்டைப் பராமரிப்பவர்களுக்காகச் சில வரிகள். விரிப்புக்கு பிரிட்டனின் மருத்துவமனைச் சலவை விதிப்படி 65 டிகிரியில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம், துணி முழுக்க அந்தச் சூடு பரவும் நேரம் தனி. இதில் உண்ணி பிழைக்காது. கோளாறு வருவது மெத்தை உறையின் கிழிசலில். வலுவான குளோரின் கரைசலால் துடைத்து, அதை நீரால் துடைக்காமல் விட்டால் பாலியூரித்தேன் நாளடைவில் வெடிக்கும். ஊசி குத்திய துளையும் போதும். சோதனை எளிது. ஜிப்பைத் திறந்து, உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் உறிஞ்சும் தாளை வைத்து மூடுங்கள். மேலே கை முஷ்டியால் அழுத்திப் பள்ளமாக்கி, கொஞ்சம் நீர் ஊற்றி ஒரு நிமிடம் அழுத்தி அழுத்தி எடுங்கள். நீரைத் துடைத்துவிட்டுத் தாளைப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் உறை போய்விட்டது. ஃபோமில் கறை தெரிந்தால் மெத்தையையே ஒதுக்க வேண்டும். தலையணைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றத்துக்குப் பிறகோ நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கு அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் தொற்றை உண்டாக்கலாம். அவர்கள் தலைக்கடியில் ஓரம் கிழிந்த தலையணை இருக்கக் கூடாது.

வார்டில் துணி உறையிட்ட மெத்தென்ற நாற்காலிகள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். பார்வையாளர்களின் உடையிலிருந்து பூனை, நாய்ப் புரதம் அதில் சேரும். படுக்கையைவிட அங்கே அதிகமாக இருக்கும். துடைக்கக்கூடிய உறையுள்ள நாற்காலி நல்லது. ரப்பர் ஷீட்டில் இயற்கை ரப்பர் இருக்கலாம், ஆகவே லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

உறையின் பலனைப் பற்றி ஆய்வுகள் சொல்வதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2003இல் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களை வைத்து நடந்த சோதனையில் உறை மட்டும் போட்டதால் பலன் தெரியவில்லை. மூக்கு ஒவ்வாமையிலும் அதே ஆண்டு அதே முடிவு. மாறாக, 2004இல் 937 நகர்ப்புறக் குழந்தைகளின் வீடுகளில் உறையோடு கரப்பான், புகை, செல்லப்பிராணி என்று அந்தந்தக் குழந்தைக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்தபோது அறிகுறி நாட்கள் குறைந்தன. 2017இல் வெளியான ஆய்வில் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் தூசி உண்ணி ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ள 284 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உண்மையான உறையும் மற்றவர்களுக்குப் போலி உறையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் கடுமையான ஆஸ்துமாவுடன் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தவர்கள் உண்மையான உறைக் குழுவில் 29 சதவீதம், போலி உறைக் குழுவில் 42 சதவீதம். ஆனால் ஆஸ்துமா மோசமாகி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும் வாய்ப்பில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இவற்றை வைத்துப் பார்த்தால், ஒவ்வாமை சோதனையில் உறுதியான, வயதில் சிறிய உங்கள் பையனுக்கு உறை போடுவது நியாயமான முடிவு. இன்ஹேலரை நிறுத்துவதற்கான காரணமாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாவிட்டால் தலையணை உறையிலிருந்து தொடங்குங்கள், அடுத்து மெத்தை, பிறகு வாராந்திரச் சூடான சலவை. தொடங்கும் நாளிலிருந்து ஒரு நோட்டில் காலைத் தும்மல், இரவில் விழித்த தடவை, நிவாரண இன்ஹேலர் அழுத்திய எண்ணிக்கை இவை மூன்றை மட்டும் எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்தும் எண்கள் அசையவில்லை என்றால், அந்த நோட்டோடு ஒவ்வாமை மருத்துவரிடம் போங்கள். சோதனையில் வேறு எதற்கும் ஒவ்வாமை தெரிந்ததா, தூசி உண்ணிக்கான நோயெதிர்ப்புச் சிகிச்சை (ஒவ்வாமைப் பொருளையே சிறு அளவுகளில் கொடுத்து உடலைப் பழக்குவது) பையனுக்குப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார். மறுபடியும் தோல் சோதனை செய்யச் சொன்னால், அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு வாரம். நிறுத்தாமல் போனால் தடிப்பு எழும்பாது, ஒவ்வாமை இல்லை என்று தவறான முடிவு வரும்.